விண்வெளியில் வால்வு மாற்ற ஓர் ஆள்

1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பிரிட்டிஷ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவருக்கு வயது 27. பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்திவிட்டால் அநேகமாக உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று அவர் எண்ணியிருந்தார். அன்றைய ரேடியோக் கருவிகளின் உயிர்நாடி கண்ணாடி வால்வுகள். உள்ளே ஓர் இழை சூடேறிக்கொண்டே இருக்கும். என்றாவது ஒருநாள் எரிந்துபோகும். போனால் கழற்றி மாற்ற ஆள் வேண்டுமே!

எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் வேலை பார்த்தவர். வால்வின் குணம் அவருக்கு அத்துப்படி. அதனால்தான் வால்வு இல்லாத உலகம் அவர் கற்பனைக்கு எட்டவில்லை. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1947-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. இழை இல்லை, சூடேற்றத் தேவையில்லை, மாற்ற ஆளும் தேவையில்லை. வானத்தில் 36,000 கிலோமீட்டரைச் சரியாகப் பார்த்த கண்ணுக்கு விரல்நுனியில் அடங்குகிற பொருள் தெரியாமல் போயிற்று.

சமீபத்தில் சில புத்தகங்களை அடுத்தடுத்து வாசித்தபோது இந்த விஷயம் மனதை விட்டு நீங்கவில்லை. கிளார்க்கின் ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’, ஆண்டி வெயரின் ‘த மார்ஷியன்’ இரண்டும் நாவல்கள். சார்ல்ஸ் பெட்ஸோல்டின் ‘கோட்’, கிறிஸ் மில்லரின் ‘சிப் வார்’ இரண்டும் தொழில்நுட்ப நூல்கள். கடைசியாகச் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ மறுவாசிப்பு. பெரியதைக் கற்பனை செய்வது எளிது, சிறியதைக் கற்பனை செய்வதுதான் கடினம் என்பது இந்த ஐந்தையும் முடித்தபோது எனக்குத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 36,000. பூமிக்குப் பக்கத்தில் சுற்றும் பொருள் வேகமாகச் சுற்றும். தள்ளிப் போகப் போக மெதுவாகும். 400 கி.மீ. உயரத்தில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. 3,84,000 கி.மீ. தள்ளியிருக்கும் நிலாவுக்கு 27 நாள் ஆகிறது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில், ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் ஆகவேண்டும் அல்லவா? அந்த உயரம்தான் 35,786 கி.மீ. அங்கே பூமத்திய ரேகைக்கு மேலே நிறுத்தப்பட்ட செயற்கைக்கோள் பூமி திரும்பும் வேகத்திலேயே திரும்புவதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்கும். புவிநிலைச் சுற்றுப்பாதை என்று இதற்குப் பெயர்.

இப்படியோர் உயரம் உண்டு என்பது கிளார்க்குக்கு முன்பே சிலருக்குத் தெரியும். அதை உலகத்துக்கான ஒலிபரப்புக் கோபுரமாகப் பார்த்தது அவர் கண். 1964-ல் சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் அங்கே போய் நின்றது. அந்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடல் தாண்டி அனுப்பியது. இன்று உங்கள் மொட்டை மாடியில் டிடிஎச் தட்டு இருந்தால் அதன் பின்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். பொருத்த வந்தவர் ஒரே ஒருமுறை கோணம் பார்த்து முறுக்கிவிட்டுப் போனதுதான். நொடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு பொருளை அந்தத் தட்டு வருடக்கணக்காக அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து வரும் படம் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று 72,000 கி.மீ. பயணம் செய்கிறது. ஆகும் நேரம் கால் விநாடி.

இந்த உயரத்தை வைத்துக்கொண்டு கிளார்க் 1979-ல் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். ‘த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலின் நாயகன் வானேவர் மோர்கன் என்ற பொறியாளர். ராக்கெட்டே வேண்டாம், விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டிவிடலாம் என்கிறார். இது தரையிலிருந்து மேலெழும்பும் கோபுரம் என்று நினைத்தால் மூச்சு முட்டும். உண்மையில் இது நிற்பதே இல்லை, தொங்குகிறது. 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு நிலையம். அங்கிருந்து ஒரு கயிற்றைக் கீழே இறக்க வேண்டும். கயிற்றின் எடை நிலையத்தைப் பூமியை நோக்கி இழுக்கும். அதனால் அதே நேரத்தில் இன்னொரு கயிற்றை எதிர்ப்பக்கம், விண்வெளியை நோக்கி விட்டுக்கொண்டே போகவேண்டும். வெளிப்பக்கக் கயிறு சுழற்சியின் வேகத்தில் வெளியே இழுக்கும். இரண்டு இழுப்பும் சரிக்குச் சரியானால் கயிறு வானத்தில் நிற்கும். அதன் கீழ்நுனி தரையைத் தொடும்போது லிஃப்டுக்கு வழி தயார்.

யோசனை கிளார்க்குடையது அல்ல. ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி 1895-லேயே வானத்தைத் தொடும் கோபுரத்தை எண்ணிப்பார்த்தார். மேலிருந்து கீழே தொங்கவிடும் உத்தியை 1960-ல் சொன்னவர் யூரி அர்ட்சுதானோவ் என்ற லெனின்கிராட் பொறியாளர். 1979-லேயே சார்ல்ஸ் ஷெஃபீல்ட் என்ற இன்னோர் எழுத்தாளரும் இதே லிஃப்டை வைத்துத் தனியாக ஒரு நாவல் எழுதினார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதவில்லை என்று கிளார்க்கே முன்வந்து சொன்னார். ஒரே இயற்பியலிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

லிஃப்டில் ஏறுபவருக்கு ஒரு பரிசும் காத்திருக்கிறது. விண்வெளிக்குப் போவதில் உயரத்தைவிடப் பெரிய தொல்லை பக்கவாட்டு வேகம். ராக்கெட்டின் எரிபொருளில் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது. பூமத்திய ரேகையில் சும்மா நிற்பவரே பூமியோடு சேர்ந்து மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். லிஃப்டில் ஏற ஏற அந்த வேகம் தானாகக் கூடும். உச்சியை அடையும்போது மணிக்கு 11,000 கி.மீ. அந்த வேகத்துக்குச் சொட்டு எரிபொருள் வேண்டாம். பூமி தன் சுழற்சியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது, அளக்கவே முடியாத அளவுக்குத் தான் மெதுவாகி. மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஏறினால் உச்சிக்கு ஏழரை நாள்.

நாவல் நடக்கும் இடம் தப்ரபேன் என்ற தீவு. பெயரைக் கேட்டதும் தெரிந்திருக்கும், இலங்கைதான். கிளார்க் 1956 முதல் 2008-ல் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார். லிஃப்டின் அடிவாரம் பூமத்திய ரேகையில் இருந்தால்தான் கயிறு நேராகத் தொங்கும். இலங்கையோ அதற்கு வடக்கே 6 பாகையில் தொடங்குகிறது. அதனால் தீவையே 800 கி.மீ. தெற்கே நகர்த்திவிட்டார். சிகிரியாக் குன்று நாவலில் யக்ககலவாக வருகிறது. சிவனொளிபாத மலை ‘ஸ்ரீ கந்த’ ஆகிறது, அதன் உச்சிதான் லிஃப்டுக்கு ஏற்ற இடம் என்றாகிறது. அங்கே மடம் வைத்திருக்கும் புத்த பிக்குகள் இடம் தர மறுக்கிறார்கள். நாவலின் ஆகச்சிறந்த பகுதி அந்த வழக்காடல்தான். இலங்கையைத் தேர்ந்தது வெறும் பாசத்தால் அல்ல. புவிநிலைப் பாதையில் வைத்த செயற்கைக்கோள் மெல்ல நகர்ந்துவிடாமல் தானே தங்கும் இடங்கள் இரண்டே இரண்டு உண்டு. பூமி சீரான உருண்டையாக இல்லாததால் வரும் விளைவு அது. அவற்றில் ஒன்று கிழக்கு நெட்டாங்கு 75 பாகைக்கு மேலே, இலங்கைக்குக் கொஞ்சம் மேற்கே.

அப்புறம் ஏன் இன்னும் கட்டவில்லை? கயிறுதான் பிரச்சினை. மிக உறுதியான எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டாலும் சில பத்துக் கிலோமீட்டரிலேயே தன் எடை தாங்காமல் தானே அறுந்துவிடும். ஒரே தடிமனில் விண்வெளி லிஃப்ட் கட்ட, தரைமட்டத்தின் ஈர்ப்பில் ஏறத்தாழ 5,000 கி.மீ. தொங்கினாலும் அறாத பொருள் வேண்டும். நடுவே தடித்து நுனிகளில் மெலிந்த கயிறாகச் செய்தால் இந்தத் தேவை குறையும், ஆனாலும் எஃகு பக்கத்திலேயே வராது. கிளார்க் நாவலுக்காகக் கண்ணுக்குத் தெரியாத வைர இழை ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டார். நிஜத்தில் 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா கவனப்படுத்திய கார்பன் நானோகுழாய் அந்த வலிமைக்கு அருகே வருகிறது. கார்பன் அணுக்களால் ஆன, கோழிவலை மாதிரியான தாளைச் சுருட்டிய நுண்குழாய் அது. ஆய்வகத்தில் வளர்த்த நீளமான குழாய்களே அரை மீட்டர் அளவுதான். வான்வெளிக் கணக்கு முடிந்துவிட்டது. நம்மை நிறுத்திவைத்திருப்பது அணு அளவில் ஒரு பழுதும் இல்லாமல் இழை நூற்கும் வேலை. மறுபடியும் சிறியது.

அடுத்து ‘த மார்ஷியன்’. ஆண்டி வெயர் கணினி நிரலாளராக இருந்தவர். 2011-ல் தானே வெளியிட்ட நாவல். 2014-ல் பெரிய பதிப்பகம் வழியே வந்தது, மறு ஆண்டே திரைப்படமும் ஆயிற்று. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட மார்க் வாட்னி உருளைக்கிழங்கு பயிரிட்டு உயிர் பிழைக்கும் கதை. அத்தியாயங்களை எழுத எழுத வாசகர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்ன வேதியியல் திருத்தங்களை ஏற்றுக்கொண்டே வெயர் இதை எழுதியிருக்கிறார். விண்கலத்தின் பாதையைக் கணக்கிடத் தானே ஒரு மென்பொருளும் எழுதினார். கதையில் ஒரு வரிக்கு வேண்டிய எண்ணுக்காக அத்தனை வேலை!

அப்படிப்பட்டவர் தெரிந்தே செய்த தவறு ஒன்று உண்டு. கதை தொடங்குவது மணிக்கு 175 கி.மீ. புயலில். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியின் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. அத்தனை மெல்லிய காற்று 175 கி.மீ. வேகத்தில் வந்தாலும், அது தள்ளும் விசை நம் ஊரில் மணிக்கு 20 கி.மீ. சொச்சம் வேகத்தில் வரும் காற்றின் விசைதான். துணி காயும், கூடாரம் சாயாது. கதை தொடங்க ஒரு பொய் வேண்டியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதாக வெயர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

தண்ணீருக்கு வாட்னி செய்வது நிஜமான வேதியியல். ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனை உடைத்து ஹைட்ரஜன் எடுக்கிறான். செவ்வாய்க் காற்றின் கார்பன் டை ஆக்சைடிலிருந்து ஆக்ஸிஜன் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்து எரித்தால் தண்ணீர். நாவல் வந்து இரண்டாண்டு கழித்து, செவ்வாயின் மண்ணிலேயே எடையில் 2 சதவீதம் போலத் தண்ணீர் இருப்பதைக் கியூரியாசிட்டி ஊர்தி கண்டுபிடித்தது. பாவம், வாட்னி உயிரைப் பணயம் வைத்திருக்கவே வேண்டாம், மண்ணைச் சூடாக்கியிருந்தால் போதும். ஆக்ஸிஜன் விஷயம் பலித்துவிட்டது. 2021-ல் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்ஸி என்ற கருவி செவ்வாயின் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் பிரித்தெடுத்தது. 2023 வரை 16 முறை இயங்கிச் சேர்த்தது மொத்தம் 122 கிராம். ஒரு சின்ன நாய் 10 மணி நேரம் மூச்சுவிடும் அளவு. இன்னொரு கிரகத்தில் மனிதர்கள் தயாரித்த முதல் மூச்சுக்காற்று அது.

ஆனால் நான் நாவலைக் கீழே வைத்துவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுத்த இடம் வேறு. வாட்னி பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, 1997-ல் இறங்கிப் பின் மௌனமாகிவிட்ட பாத்ஃபைண்டர் கலத்தை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கிறான். உயிர் வருகிறது. பூமியிலிருந்து அதன் காமிராவைத் திருப்ப முடியும், பேச முடியாது. காமிராவைச் சுற்றி வட்டமாக அட்டைகளை நட்டு, எந்த அட்டையை அது பார்க்கிறதோ அந்த எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒரு கேள்விக்குறி, ஆக 27 அட்டை. 360 பாகையை 27-ஆல் வகுத்தால் அட்டைக்கு 13 பாகை. பக்கத்து அட்டையா இதுவா என்று குழப்பம் வரும். வாட்னி கண்டுபிடிக்கும் வழி பதினறும எண்முறை. நாம் 0 முதல் 9 வரை பத்துக் குறிகளால் எண்ணுகிறோம். இதில் 9-க்குப் பிறகும் ஆறு குறிகள் சேர்த்து, பதினாறு குறிகளால் எண்ண வேண்டும். கணினியின் ஆஸ்கி பட்டியலில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் இப்படிப்பட்ட இரண்டு குறிகள் உண்டு. காமிரா முதலில் 4-ஐயும் பிறகு 8-ஐயும் பார்த்தால் ‘எச்’. பதினாறோடு கேள்விக்குறியும் சேர்ந்து 17 அட்டை. அட்டைக்கு 21 பாகை. குழப்பம் தீர்ந்தது. ஒரு நிரலாளரால்தான் எழுத முடிந்த காட்சி இது.

வாட்னிக்குத் தமிழில் செய்தி வந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘அம்மா’ நமக்கு மூன்றெழுத்து. இன்றைய கணினிகள் பயன்படுத்தும் ஒருங்குறிக்கு அது ஐந்து: அ, ம, புள்ளி, மீண்டும் ம, துணைக்கால். வழக்கத்திலுள்ள யூடிஎஃப்-8 முறையில் இந்த ஐந்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஒரு பைட்டுக்கு இரண்டு குறி. ஆக ‘அம்மா’ என்று சொல்லி முடிக்க காமிரா 30 முறை திரும்பவேண்டும். ஆங்கில எழுத்துகளில் அதே சொல்லுக்கு 8 முறை. நீங்கள் அலைபேசியில் அந்தச் சொல்லைத் தட்டி இணையம் வழியே அனுப்பும்போது பெரும்பாலும் இந்த 30 குறிகள்தான் கிளம்பிப் போகின்றன.

இந்தக் குறிகளை ஓர் இயந்திரம் எப்படிப் புரிந்துகொள்கிறது? 1999-ல் முதல் பதிப்பும் 2022-ல் விரிவான இரண்டாம் பதிப்பும் கண்ட ‘கோட்’ இதற்குப் பதில் சொல்கிறது. எனக்கு இந்த வரிசையில் ஆகப் பிடித்த நூல் இதுதான். பெட்ஸோல்ட் தொடங்குவது இரவில் எதிரெதிர் வீட்டு ஜன்னல்களிலிருந்து டார்ச் அடித்துப் பேசிக்கொள்ளும் இரண்டு நண்பர்களிடம். மோர்ஸ், பிரெயில், தந்தி என்று படிப்படியாக நகர்கிறார். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது நம் கையில் ஒரு முழுக் கணினி இருக்கிறது. நடுவே ‘இதை நம்பிக்கொள்ளுங்கள்’ என்று அவர் கேட்கும் இடம் ஒன்றுகூட இல்லை.

அவருடைய செங்கல் ரிலே. தந்திக்காலத்துச் சரக்கு. ஒரு கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும்; காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும்; தகடு இன்னொரு மின்சுற்றை மூடும். அதாவது மின்சாரமே போட்டு அணைக்கும் சுவிட்ச். இதை இணைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இரண்டும் போட்டால்தான் விளக்கு எரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏதாவது ஒன்று போதும். ஜார்ஜ் பூல் 1854-ல் எழுதிய தர்க்கக் கணிதமும் இந்தக் கம்பி இணைப்புகளும் ஒன்றே என்று காட்டியவர் கிளாட் ஷானன். எம்ஐடியில் முதுநிலைப் பட்டத்துக்காக 1937-ல் எழுதிய ஆய்வேடு. அப்போது அவருக்கு வயது 21.

உங்கள் வீட்டு மாடிப்படி விளக்கைப் பாருங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் விளக்கு அணைந்திருக்கும். வேறு வேறு நிலையில் இருந்தால் எரியும். சுவிட்ச் கீழே இருந்தால் 0, மேலே இருந்தால் 1 என்று வையுங்கள். 0-உம் 0-உம் சேர்ந்தால் விளக்கு 0. 0-உம் 1-உம் சேர்ந்தால் 1. 1-உம் 1-உம் சேர்ந்தால் மறுபடி 0. இருமக் கூட்டலில், அதாவது 0, 1 இரண்டை மட்டும் வைத்துக் கூட்டுவதில், கடைசி இலக்கம் இதுவேதான்! 1-உம் 1-உம் கூடினால் 0 போட்டு மிச்சம் 1. அந்த மிச்சத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு சுவிட்ச் போதும். மாடிப்படி விளக்கோடு அதையும் சேர்த்துவிட்டால் கணினியின் கூட்டல் கருவியில் ஓர் அங்கம் கைக்கு வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பொருத்திவிட்டுப் போன கணிதம்.

இப்படி அடுக்கிக்கொண்டே போய் எட்டு இலக்க இரும எண்கள் இரண்டைக் கூட்ட 144 ரிலேக்கள் வேண்டும் என்கிறார் பெட்ஸோல்ட். ரிலேயின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிவிட்டால் இன்னோர் அதிசயம் நிகழ்கிறது: சற்றுமுன் எந்த நிலையில் இருந்தோம் என்பதை அது மறப்பதில்லை. நினைவகம் பிறந்துவிட்டது. ரிலேக்குப் பதில் வால்வைப் போட்டால் வேகம் கூடும். வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டால் அதைவிடக் கூடும். தர்க்கம் மாறுவதேயில்லை. மாறுவது அளவு ஒன்றுதான்.

அந்த அளவின் கதைதான் 2022-ல் வந்த ‘சிப் வார்’. மில்லர் வரலாற்றாசிரியர். அமெரிக்கா, தைவான், சீனா என்று, ‘சிப்’ எனப்படும் சில்லுக்காக நாடுகள் போடும் சண்டையை விரிவாகச் சொல்கிறார். என்னை உட்கார வைத்தது அந்த அரசியல் அல்ல, எண்கள். 1960-களின் தொடக்கத்தில் வந்த ஆரம்பகாலச் சில்லுகளில் நான்கு டிரான்சிஸ்டர். 2020-ல் ஆப்பிள் ஐபோன் 12-இல் வந்த சில்லில் 1,180 கோடி. விநாடிக்கு ஒன்று வீதம் ஊண் உறக்கமின்றி எண்ணினால் 370 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இத்தனையையும் யாரும் கையால் செய்வதில்லை. அச்சடிக்கிறார்கள். 1950-களின் இறுதியில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் ஜே லாத்ராப் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. நுண்ணோக்கி சின்னதைப் பெரிதாகக் காட்டும். தலைகீழாகத் திருப்பினால் பெரியதைச் சின்னதாக்கும் அல்லவா? பெரிதாக வரைந்த வடிவத்தை அதன் வழியே ஒளியாகப் பாய்ச்சி, ஒளிபட்டால் மாறும் ரசாயனம் பூசிய தகட்டில் சின்னஞ்சிறிதாக விழவைத்தார். ஒளியச்சு முறை அங்கே தொடங்கியது. லித்தோகிராஃபி என்பார்கள். அடுத்த அறுபது ஆண்டுகள் இந்த வடிவம் மேலும் மேலும் சிறுத்துக்கொண்டே போனது.

ஒரு கட்டத்தில் ஒளியே தடையாயிற்று. விரல் தடிமனைவிட மெல்லிய கோலம் போட முடியாதது போல, ஒளியின் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறிய கோட்டை அந்த ஒளியால் வரைவது கடினம். நாம் காணும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பொறியாளர்கள் தேர்ந்தது 13.5 நானோமீட்டர். அதிதூர புற ஊதா ஒளி. இதில் ஒரு பெருந்தொல்லை: இந்த ஒளியைக் கண்ணாடி விழுங்கும், காற்றும் விழுங்கும். லென்ஸ் வைக்க முடியாது. எல்லாம் வெற்றிடத்தில், ஆடிகளால் மட்டுமே நடக்கவேண்டும்.

சரி, அந்த ஒளியை எங்கிருந்து கொண்டுவருவது? இங்கேதான் நான் மறுபடி மறுபடி வாசித்த பக்கங்கள். உருகிய வெள்ளீயத்தைச் சொட்டுச் சொட்டாக வெற்றிடத்தில் விடுகிறார்கள். ஒரு சொட்டு நம் தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. வேகம் மணிக்கு 250 கி.மீ. போல. பறந்துகொண்டிருக்கும் அந்தச் சொட்டை லேசர் ஒன்று அடிக்கிறது. முதல் அடியில் சொட்டு தட்டையாகிறது. தட்டையானால்தான் அடுத்த அடி முழுதாகப் படும். இரண்டாவது, பலமான அடியில் அது பிளாஸ்மாவாகிறது. அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்துபோகும் அளவுக்குச் சூடான வாயு நிலை அது. சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு வெப்பம். அந்த ஒரு கணம் 13.5 நானோமீட்டர் ஒளி பிறக்கிறது. இது விநாடிக்கு 50,000 முறை நடக்கிறது. இந்த வாக்கியத்தை நீங்கள் வாசித்து முடிப்பதற்குள் லட்சத்துக்கு மேற்பட்ட சொட்டுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி.

லேசரைச் செய்வது ஜெர்மனியின் ட்ரம்ஃப். அதில் மட்டும் 4,57,329 பாகங்கள் என்கிறார் மில்லர். ஆடிகள் ஸைஸ் நிறுவனத்துடையவை. அவற்றில் ஒன்றை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கினால் மேடுபள்ளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்குமாம். அப்படியும் ஒவ்வோர் ஆடியும் 70 சதவீத ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. பத்து ஆடிகளைத் தாண்டும்போது மிஞ்சுவது 3 சதவீதத்துக்கும் குறைவு. வெடித்த வெள்ளீயம் ஆடியில் படியாமல் ஹைட்ரஜன் வாயு ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. எல்லாம் நெதர்லாந்தில் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தில் ஒன்றுசேர்கிறது. ஓர் இயந்திரத்தின் எடை 180 டன். பிரித்து அனுப்ப 40 கன்டெய்னர். 1980-களில் ஆய்வகத்தில் தொடங்கிய யோசனை பெரிய அளவில் உற்பத்திக்கு வந்தது 2019 வாக்கில்.

கிளார்க் தவறவிட்டது இதைத்தான். அவர்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. விண்வெளி லிஃப்ட் ஒரே யோசனை. ஒரு தலைக்குள் அடங்கும். ஒரு விதி, ஓர் உயரம், ஒரு கயிறு. சில்லு அப்படியல்ல. ஆயிரக்கணக்கானவர்கள் தனித்தனியாகத் தீர்த்த லட்சக்கணக்கான சின்னச் சிக்கல்களின் கூட்டுத்தொகை அது. வெள்ளீயச் சொட்டை முதலில் தட்டையாக்க வேண்டும் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து யாரும் கற்பனை செய்ய முடியாது. சொட்டோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவருக்கே அது தெரியவரும்.

இதனால்தான் கடைசியில் சுஜாதாவை மறுபடி எடுத்தேன். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2020-களின் தொடக்கத்தில் நடப்பதாக எழுதப்பட்டது. நாம் கடந்துவந்துவிட்ட ஆண்டுகள். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது, பிள்ளை பெற அரசு அனுமதி வேண்டும் என்ற அந்த உலகம் நல்லவேளை வரவில்லை. பெரிய எதையும்விட அந்தக் கதையில் மனதில் நிற்பது ஒரு சிறிய இயந்திர நாய். ஜீனோ. புத்தகம் வாசிக்கிறது, வாசித்ததைக்கொண்டு யோசிக்கிறது, எஜமானர்களைவிடத் தெளிவாகப் பேசுகிறது. இயந்திரத்தின் பலம் அதன் உருவத்தில் இல்லை, அது கற்றுக்கொள்வதில் இருக்கிறது என்பதைச் சுஜாதா அன்றே பிடித்துவிட்டார்.

காரணம் அவருடைய பகல்நேர வேலையில் இருக்கிறது. அவர் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் முக்கியப் பங்கு வகித்தவர். கோடிக்கணக்கானவர்கள் தொடப்போகும் ஒரு பெட்டியை, மின்சாரமில்லாத ஊரில் பேட்டரியில் ஓடும்படி, எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒரே பொத்தானில் முடித்துக்கொள்ளும்படி செய்யவேண்டும். சில்லின் அருமை தெரியாமல் அதைச் செய்ய முடியாது. ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று தமிழில் ஒரு தனி நூலே எழுதினார். ரேடார் தெரிந்த கிளார்க், நிரல் தெரிந்த வெயர், சில்லு தெரிந்த சுஜாதா: மூவருமே தங்கள் கை பழகிய இடத்தில்தான் ஆகச் சிறப்பாக எழுதியிருக்கிறார்கள்.

எதை முதலில் வாசிப்பது என்று கேட்டால் ‘கோட்’ என்பேன். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள், கூடவே நீங்களும் வாசியுங்கள். ‘சிப் வார்’ அதன்பிறகு வாசித்தால்தான் அந்த 1,180 கோடியின் கனம் புரியும். இன்னொன்றும் கேட்கவேண்டும். இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மின்னணுத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். தைவானிலும் நெதர்லாந்திலும் சில்லுப் பொறியாளர்களாக இருப்பவர்களும் உண்டு. ஒரு பலகையில் ஒரு பாகம் எப்படி உட்காருகிறது, எங்கே பிசகும், யார் அதைக் கண்டுபிடிப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தமிழில் எழுதுங்கள். கதையாக இருந்தாலும் சரி, கட்டுரையாக இருந்தாலும் சரி, வாசிக்கக் காத்திருக்கிறோம்.